வீட்டு ஒயின்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

மூணாவது மாடி

நானே ஆரம்பிக்கிறேன். 2021 டிசம்பர். கோயம்பேட்டில் 4 கிலோ பன்னீர் திராட்சை. எப்படிப் போடுவது என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். கிறிஸ்துமஸுக்குள் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் 16ஆம் நாளே வடிகட்டி, பழைய ஸ்குவாஷ் பாட்டில் ஆறில் ஊற்றி, மூடியைப் பலம் கொண்ட மட்டும் திருகிப் பரணில் ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் பரண் பூஜை அலமாரிக்கு நேர் மேலே. அப்போது மாமியார் வந்து தங்கியிருந்தார். சுத்த சைவம், வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடக் கிடையாது. அவரிடம் "திராட்சை ஜூஸ்தான் அத்தை, ரத்தம் ஊறும்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

ராத்திரி 2.40க்கு டப்பென்று ஒரு சத்தம். சிலிண்டரோ என்று நினைத்து ஓடிவந்து லைட்டைப் போட்டால், பரண் கதவின் கீழ் இடுக்கிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி, தினசரி காலண்டரில் இருந்த முருகன் மேல் வழிந்து, சாமி விளக்கு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நான் நிற்கும்போதே இரண்டாவது பாட்டில். அத்தை கொண்டையை முடிந்துகொண்டே வந்தார். பதறவே இல்லை. சுவரில் ஒரு விரலை வைத்து எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், என்னை ஒரு பார்வை பார்த்தார். "புளிச்சுப் போச்சு போல இருக்கே, மாப்பிள்ளை." அவ்வளவுதான். துணி எடுக்கப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரம்பூர் பழசு

16 நாளில் பாட்டிலில் அடைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? சர்க்கரை இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது, ஈஸ்ட்டும் உயிரோடு இருந்திருக்கிறது, மூடியை இறுக்கினால் கேஸ் எங்கே போகும். சரி, திட்டுவதற்கு வரவில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியன். கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்திலேயே ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவார்கள். கழுத்து வரை காப்பிப் பொடி நிறம், கீழே வெள்ளை, அந்தக் காலத்து ஊறுகாய் ஜாடி. 1 கிலோ திராட்சைக்கு 1 கிலோ சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, நாலைந்து கிராம்பு. தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும், அந்த வேலை எனக்கு. 21 நாள். அப்புறம் பழைய வேட்டித் துணியில் வடித்து, சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்கு ஊற்றுவார்கள். கேக் துண்டோடு எனக்கு ஒரு மூடி அளவு கிடைக்கும்.

அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது அந்த ஜாடியை என் கையில் கொடுத்து, "இத மட்டும் யாருக்கும் குடுத்துடாத மேன்" என்றார்கள். கொடுக்கவில்லைதான். ஆனால் நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயம் அம்மா அதில் உப்பு நார்த்தங்காய் போட்டுவிட்டார். எத்தனை தரம் வெந்நீரில் ஊறவைத்தும் மூடியைத் திறந்தால் நார்த்தங்காய்தான் அடிக்கிறது. ஆன்ட்டி வருஷா வருஷம் போனில் கேட்பார்கள், "ஜாடி இருக்கா?" இருக்கு ஆன்ட்டி என்பேன். அதில் என்ன இருக்கு என்று அவர்கள் கேட்டதில்லை.

அளவு தப்பாது

மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த 1க்கு 1 கணக்குதான் சென்னையில் பாதி வீட்டு ஒயினைப் பாகு ஆக்குகிறது. ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை புளித்தால் தோராயமாக 1 சதவீதம் ஆல்கஹால். 12 சதவீதம் வேண்டும் என்றால் லிட்டருக்கு 200 கிராம் போதும், அதில் ஒரு பங்கு பழத்திலேயே இருக்கிறது. 1 கிலோ பழம், 1 கிலோ சர்க்கரை, 2 லிட்டர் தண்ணீர் என்று போட்டால் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் போய்விடும். ஈஸ்ட் 12, 13 சதவீதத்துக்கே மூச்சுத் திணறும், அதற்குப் பிறகு மிச்சம் எல்லாம் இனிப்பாக அப்படியே நிற்கும். குடித்தால் இருமல் சிரப் மாதிரி இருப்பது அதனால்தான். கோதுமை பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதன் மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாகத் தின்னாது, அது வீட்டு வழக்கம், போட்டால் தப்பில்லை. ஒரே பக்கமாகக் கிண்டுவதும் அப்படித்தான், மேலே மிதக்கிற தோல் காயாமல் உள்ளே போக வேண்டும், எந்தப் பக்கம் சுற்றினால் என்ன.

வெடிக்காமல் இருக்க வழி: முதல் ஒரு மாதம் ஏதாவது ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக வையுங்கள். அதை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருந்தால் மற்ற எல்லாவற்றின் மூடியையும் மெதுவாகத் தளர்த்திவிட வேண்டியதுதான். பழத்தின் மேல் மாவு பூசின மாதிரி இருக்கிறதே, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மெழுகு, காட்டு ஈஸ்ட் அதன் மேல்தான் ஒட்டியிருக்கும். மருந்து அடித்த பழம் என்று பயந்தால் நன்றாகக் கழுவிவிட்டு, கடை ஈஸ்ட் கால் ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் போடுங்கள். ஜாடி வாயைச் சில்வர் தட்டால் மூடாமல் துணி கட்டி, புளிக்கிற வேகம் குறைந்ததும் காற்று உள்ளே போகாமல், மறுமுனை தண்ணீரில் இருக்கும்படி ஒரு குழாய் வைத்து...

என் கதை சின்னதுதான். அந்தக் குழாயை வைக்க ஒரு வாரம் மறந்தேன். துணி மேல் பழ ஈ நாலைந்து உட்கார்ந்திருந்தது, கவனிக்கவில்லை. பொங்கலுக்கு மச்சான் வந்தபோது பெருமையாக ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவன் முகத்தைச் சுளிக்காமல், "மாமா, இதுல வெங்காயம் நறுக்கிப் போட்டா பிரியாணிக்கு சூப்பரா இருக்கும்" என்றான். 5 லிட்டர் வினிகர்.

ஜன்னலோரம்

யாரும் இதைச் சொல்லவில்லையே. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம், வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் சரி. டாஸ்மாக்கே அரசு நடத்துகிறது, அது வேறு. இதைத் தெரிந்துகொண்டுதான் நானும் ஒரு தடவை போட்டேன், அந்த ஒரு தடவைதான்.

டைனிங் டேபிள் அடியில் வாளி, அதன் மூடியில் குழாய், குழாயின் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில். நாள் முழுக்க பொளக் பொளக் என்று சத்தம். மூன்றாம் நாள் காலிங் பெல் அடித்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள், சீருடையோடு. சரியாக அந்த டேபிளிலேயே உட்கார்ந்து, ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் ஷூவுக்கு அரை அடி தள்ளி பொளக். நான் இருமினேன். பொளக். இன்னும் பலமாக இருமினேன். "என்ன சார், மீன் தொட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க வீட்லயும் வச்சிருக்கேன் சார், தண்ணி மட்டும் வாராவாரம் மாத்திடுங்க, இல்லன்னா நாறும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஏற்கெனவே வீடெல்லாம் புளித்த வாடை. அவருக்கு ஜலதோஷமா, இல்லை பெருந்தன்மையா, புரியவில்லை. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினேன்.

வில்லிவாக்கம் அக்கா

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும் தம்பி, உயிருக்கு ஆபத்து இல்லையா? கள்ளக்குறிச்சி ஞாபகம் இல்லையா உங்களுக்கெல்லாம்?

அளவு தப்பாது

அக்கா, 2024இல் அங்கே 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். தொழிற்சாலைச் சரக்கு. திராட்சை தானாகப் புளிக்கும்போது உண்டாகிற மெத்தனால் மிகக் கொஞ்சம், கொல்லும் அளவெல்லாம் வராது. காய்ச்சி வடிப்பது வேறு, புளிக்க வைப்பது வேறு. பூஞ்சை பிடித்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும், அது உண்மை.

வில்லிவாக்கம் அக்கா

சரி, நீங்க படிச்சவங்க. என் வீட்டில் இஞ்சி ஒயின்தான், இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, கொதிக்கவைத்து இறக்கினால் முடிந்தது, குழந்தையும் குடிக்கலாம்.

கத்திரி வெயில்

போடுவது பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். வாங்கி வைப்பவன் படும் பாடு யாருக்குத் தெரியும்? நாசிக் போய் வந்தபோது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின், என் சம்பளத்துக்கு அது பெரிய காசு. நல்ல நாள் வரட்டும் என்று ஹாலில் ஷோகேஸில் நிற்க வைத்தேன், திருப்பதி லட்டு டப்பாவுக்கும் பையன் வாங்கின கோப்பைக்கும் நடுவில். மார்ச் போச்சு, ஏப்ரல் போச்சு. மே மாதம் கத்திரியில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டோம், வீடு பூட்டியே கிடந்தது, மேல்மாடி, மேலே வெறும் தளம். திரும்பி வந்தால் ஒரு பாட்டிலில் கார்க் அரை விரல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, லேபிளில் திட்டுத்திட்டாகக் கறை.

அடுத்த மாதம் மேனேஜர் வீட்டுக்கு வந்தபோது மிச்சம் இருந்ததைத் திறந்தேன். அவர் கண்ணாடி டம்ளரைச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "பேரீச்சம்பழம் வேகவச்ச தண்ணி மாதிரி இருக்கே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அப்படியேதான் இருந்தது.

ஒயின் சும்மா கிடக்க 12, 13 டிகிரி வேண்டும். நம் ஊரில் மார்கழியிலேயே ராத்திரி 18க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே தனி ஒயின் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் வெட்கப்படாமல் காய்கறி டிரேயில் படுக்கவைத்துவிடுங்கள், கார்க் நனைந்தபடி இருக்கும். திருகு மூடி என்றால் நிமிர்த்தி வைத்தாலும் ஒன்றுமில்லை. குடிப்பதற்கு அரைமணி முன்னால் எடுத்தால் போதும். அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொன்னவன் அறை வேறு, நம் அறை வேறு. திறந்ததை மூன்று, நாலு நாளில் முடித்துவிடுங்கள். இன்னொன்று, ஃபிரிட்ஜ் தலைமேல் வைக்காதீர்கள். அடுப்பு மேல் வைப்பதும் அதுவும் ஒன்றுதான். கார் டிக்கியில் பாண்டிச்சேரியிலிருந்து

சரி, அந்தப் பேச்சு வேண்டாம், மேலே ஒருவர் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார்.

துவர்ப்பு

என் அப்பாவுக்கு 71. தமிழாசிரியராக இருந்தவர், வாழ்நாளில் பீர்கூடத் தொட்டதில்லை. போன வருஷம் நான் ஹாலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் வைத்திருந்தபோது பேப்பரை மடித்துவிட்டு, "அது என்னதான் ருசி?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொடுத்தேன். குடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தார். "துவர்ப்பு. நாவப்பழத்தைக் கொட்டையோட கடிச்ச மாதிரி. பழம் பின்னாடிதான் வருது."

நான் இணையத்தில் டானின், டானின் என்று படித்துப் படித்து ஒன்றும் பிடிபடாமல் இருந்தேன். திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்புதான் அது, நம் ஆறு சுவையில் ஒன்று, வாழைப்பூவிலும் மாதுளந்தோலிலும் இருப்பது. ஒரே வாயில் சொல்லிவிட்டார். கிளாஸைத் திருப்பித் தரும்போது, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். அம்மா தவறி ஆறு வருஷம் ஆகிறது. சட்டென்று அவருக்கே உறைத்தது, பேப்பரை எடுத்துக்கொண்டார்.

வஞ்சிர வறுவலோடு சிவப்பு ஒயின் குடிக்காதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வாயில் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்த மாதிரி இருக்கும். ஒயினில் இருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேருவதால் வருவது. வெள்ளை ஒயினைக் குளிரக் குளிரக் குடியுங்கள், காரத்துக்கும் கொஞ்சம் இனிப்பானதுதான் ஒத்துப்போகும்.

வேளச்சேரி தரைத்தளம்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதிக்குமேல் போட்டிருந்தேன், பத்தாம் நாள். ராத்திரி தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் சர்டிபிகேட், லேப்டாப், பாட்டி, எல்லாரையும் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். கேன் ஞாபகமே இல்லை. விடிந்து எட்டிப் பார்த்தால் ஹால் நடுவே கறுப்புத் தண்ணீரில் அது மட்டும் நிமிர்ந்து மிதந்துகொண்டு, குழாயிலிருந்து பொளக் பொளக் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோபா முழுகிக் கிடக்கிறது, கட்டில் போச்சு. அதைக் கொட்ட மனசு வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் சாக்கடைத் தண்ணீர் பட்டது என்று அண்ணன்தான் கொட்டினான்.

பெரம்பூர் பழசு

மூணாவது மாடி, உங்க மாமியார் அப்புறம் ஏதாவது கேட்டாங்களா இல்லையா? அதைச் சொல்லாமலே போயிட்டீங்க.

மூணாவது மாடி

கேட்கவே இல்லை. சுவருக்கு இரண்டு கோட் பெயிண்ட் அடித்தும் காலண்டர் ஆணிக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். இந்த ஜனவரியில் அத்தை வந்திருந்தபோது புதுக் காலண்டரை அவரே மாட்டினார். பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, அரை அடி கீழே புது ஆணி அடித்து.