குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை: இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் ஒரு தங்கச் சிலை

நான்: [படம்]

நான்: பெரியப்பா, படம் கேட்டீர்களே, இதோ உங்கள் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் சிலை. சந்தைக்குக் காய் வாங்க வந்தேன், அப்படியே எடுத்தேன்.

பெரியப்பா: அடடா, தங்கமாக ஜொலிக்கிறாரே!

நான்: வெண்கலம்தான், மேலே தங்க முலாம். 1964இல் வைத்தது.

அக்கா: கையில் இருக்கும் புத்தகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலைகீழாக இருக்கிறது!

அம்மா: செய்தவருக்கு இங்கிலீஷ் தெரியாதா?

நான்: சார்லஸ் வீலர் பெரிய சிற்பி அம்மா. பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கட்டும் என்றே அப்படி வைத்தாராம். நீயே கேட்டுவிட்டாய் பார்.

பெரியப்பா: அது ‘மனித உரிமைகள்’. முதல் பகுதி 1791இல் வந்தது. அரசன் மகன் அரசன் என்பது என்ன நியாயம் என்று கேட்ட புத்தகம். புனேயில் சாதியை எதிர்த்த ஜோதிராவ் புலே இளவயதில் படித்ததும் இதைத்தான். எழுதியவர் கச்சை தைக்கும் வீட்டுப் பிள்ளை. 1737இல் அந்த ஊரில்தான் பிறந்தார்.

அக்கா: பின்னால் தெரியும் கட்டடம்?

நான்: அதுதான் வேடிக்கை. கட்டடத்தின் பெயர் கிங்ஸ் ஹவுஸ். தெரு கிங் ஸ்ட்ரீட்.

பெரியப்பா: 😂 ராஜாவே வேண்டாம் என்ற மனிதரை ராஜா வீட்டு வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்களா!

சித்தி: போன வாரம் குதிரை மேல் ஒரு சர்தார்ஜி சிலை போட்டாயே, அது யார்?

நான்: துலீப் சிங், சித்தி. பஞ்சாபின் கடைசி மகாராஜா. 1849இல் ஆங்கிலேயர் ராஜ்ஜியத்தையும் கோஹினூரையும் பிடுங்கிக்கொண்டபோது வயது பத்து. இங்கிலாந்துக்கு வந்தபின், இங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் எல்வெடன் என்ற பெரிய பண்ணையில் குடியிருந்தார். 1886இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் ஏடன் துறைமுகத்திலேயே மறித்துவிட்டார்கள். 1893இல் பாரிஸில் இறந்தார், கல்லறை எல்வெடன் சர்ச்சில். நான் போனபோது யாரோ வைத்த சாமந்தி வாடிக் கிடந்தது.

சித்தி: பாவம். சொந்த மண்ணில் பிடி இடம் கிடைக்கவில்லை.

நான்: அவர் மகன் பிரெட்ரிக், 1490 வாக்கில் கட்டிய ஒரு மரவீட்டை 1921இல் இந்த ஊருக்கே கொடுத்துவிட்டார். இப்போது அதுதான் மியூசியம். உத்தரத்தில் செதுக்கு வேலை அவ்வளவு அழகு.

அம்மா: பறித்தவர்களுக்கே வீடு எழுதிக் கொடுத்தாரா? நல்ல மனசு.

பெரியப்பா: பறித்தது கம்பெனி, ஊர் இல்லையே.

அம்மா: உங்களுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

நான்: இன்னொன்று. 1904இல் இங்கே மேயராக வந்த டாக்டர் ஆலன் மின்ஸ், பஹாமாஸில் பிறந்தவர். பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர்.

அக்கா: அவருக்குச் சிலை?

நான்: சிலையாக என் கண்ணில் படவில்லை. ஆனால் டிவி நாடகத்தில் வந்த ஒரு கேப்டன் ஆற்றோரம் பெஞ்சில் வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை.

அம்மா: காய் வாங்கினாயா இல்லையா?

நான்: முட்டைக்கோஸ் மட்டும்.

பெரியப்பா: புத்தகத் தலைப்பைப் படிக்கலாம் என்று போனைத் தலைகீழாகப் பிடித்தால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது. என்ன செய்வது?

அக்கா: ஆட்டோ ரொட்டேட்டை அணையுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: அது எங்கே இருக்கிறது?