அலுமினிய உடலில் எஃகு போல்ட்டு: அரிப்பை நிறுத்த வழி தேவை

எங்கள் கல்லூரிக் குழு தூத்துக்குடிக் கடலில் சோதித்துவரும், 6061 அலுமினிய உடல் கொண்ட ஆளில்லாச் சிறு நீர்மூழ்கியில், மூடியைப் பிடிக்கும் 316 துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி படிகிறது. அதைச் சுரண்டினால் அடியில் ஊசிமுனை இறங்கும் அளவுக்குக் குழிகள் தெரிகின்றன. போல்ட்டுகளோ புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன.

சென்ற பருவமழைக்குப் பின் உடலுக்கு அனோடைசிங் (மின்வேதி முறையில் காப்பு ஆக்சைடுப் படலம் ஏற்றுதல்) செய்து, நைலான் வாசர்களும் போட்டோம். ஆயினும் போல்ட்டு உடலிலேயே வெட்டிய மரையில் இறங்குவதால், மல்ட்டிமீட்டர் இரண்டுக்கும் இடையே முழு மின்தொடர்பையே காட்டுகிறது; இந்த இரு உலோகங்களும் கடல்நீரில் இப்படித் தொட்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். உடலுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்க வேண்டிய துத்தநாக ஆனோடு பொருத்திய பிறகும், வெள்ளி/வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்தால் உடலின் மின்னழுத்தம் −0.78 வோல்ட்டிலேயே நிற்கிறது, அதாவது ஆனோடின் காப்பு உடலுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆனோடுகளை இஷ்டத்துக்குக் கூட்டவும் தயக்கம், ஏனெனில் மிகையான காப்பில் உருவாகும் காரம் அலுமினியத்தையே தின்றுவிடும். டைட்டானியம் போல்ட்டு போடச் சொன்னார்கள். அதுவும் எஃகைப் போல அலுமினியத்தை அரிக்கவைக்கும் பக்கம்தான்.

ஆனோடின் அடியில் அனோடைசிங் படலத்தைச் சுரண்டி நேரடித் தொடர்பு கொடுப்பதா, மரைத்துளைகளைப் பெரிதாக்கிப் பிளாஸ்டிக் உறை செருகுவதா: எதை முதலில் செய்யலாம்?