எஸ்கலேஷன்: படியேற்றமா, முற்றலா?

குழுவினருக்கு வணக்கம்.

மோதல் மேலும் மேலும் கடுமையாவதைக் குறிக்கும் எஸ்கலேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'படியேற்றம்' என்று முடிவாகிவிட்ட மாதிரி தெரிகிறது. கடைசி நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'பதற்ற அதிகரிப்பு' என்று நாளேடுகள் எழுதுவது பொருந்தவில்லை. அமெரிக்க அணுப்போர் ஆய்வாளர் ஹெர்மன் கான் 1965-இலேயே இதை 44 படிகள் கொண்ட ஏணியாக விவரித்துவிட்டார். ஆகவே படியேற்றம் என்பதே மூலக்கருத்துக்கு நெருக்கம்.

முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பதற்றம் என்பது மனநிலை. எஸ்கலேஷன் என்பது மோதலின் போக்கு. இரண்டும் சேர்ந்தே வரலாம், ஆனால் ஒன்றல்ல. 2025 மே 7 அதிகாலையில் பாகிஸ்தானிலும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள காஷ்மீரிலும் தாக்குதல் நடத்தியதும் இந்தியா விட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தன் நடவடிக்கை குறிவைத்தது, அளவானது, 'நான்-எஸ்கலேட்டரி' தன்மை கொண்டது என்றது. அறிக்கையின் உயிரே அந்த மூன்றாவது சொல்லில்தான் இருக்கிறது. அடித்தாயிற்று, இதோடு நிறுத்திக்கொள்ளத் தயார், இதற்கு மேல் போனால் பொறுப்பு உன்னுடையது என்று எதிராளிக்கு அனுப்பிய சேதி அது. அதைப் போய் 'பதற்றத்தை அதிகரிக்காத தாக்குதல்' என்று எழுதினால் என்ன ஆகும்? ஏவுகணை விழுந்த ஊரில் பதற்றம் அதிகரிக்காமல் வேறென்ன செய்யும்!

சரி, ஏணிக்கு வருவோம். கானின் ஏணியில் அணுகுண்டு 15-ஆம் படியிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் இன்னும் 29 படிகள். குண்டு வெடித்த பிறகும் ஒவ்வொரு படியிலும் நின்று, யோசித்து, பேரம் பேசி, வேண்டுமானால் இறங்கலாம் என்ற நம்பிக்கை அந்த உருவகத்துக்குள்ளேயே இருக்கிறது. படி என்றாலே கால் வைக்கிறவர் ஒருவர் உண்டு, அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஏறுகிறார் என்றாகிவிடும். கானின் காலத்திலேயே தாமஸ் ஷெல்லிங் என்ற இன்னோர் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். போரின் விளிம்பு, நின்று எட்டிப்பார்த்துக் குதிக்கலாமா என்று முடிவெடுக்கிற செங்குத்துப் பாறை அல்ல; போகப்போக வழுக்கல் கூடும் சரிவு; எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று நிற்கிறவருக்கே தெரியாது என்பது அவர் வாதம். நான் ஷெல்லிங் கட்சி.

ஏன் என்றால் 1962 அக்டோபர் 27 இருக்கிறது. சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த கியூபா நெருக்கடியின் அந்த ஒரே நாளில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் ஒன்று கியூபாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. சுடச் சொல்லி மாஸ்கோ உத்தரவிடவில்லை, அங்கிருந்த சோவியத் தளபதிகளே முடிவெடுத்தார்கள். இன்னொரு யு-2 வடதுருவப் பக்கம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. அந்த நீர்மூழ்கியில் அணுமுனை பொருத்திய டார்பிடோ இருந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. போடுவது வெறும் சைகைக் குண்டு என்பது கீழே வெக்கையில் வெந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. வாசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி கேப்டனைச் சமாதானப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் போர் வேண்டாம் என்று நினைத்த அதே நாளில் இவ்வளவும் நடந்தது. இதில் யார் எந்தப் படியில் ஏறினார்கள் என்று சொல்வீர்கள்?

என் முன்மொழிவு: முற்றல்.

புதிதாக ஒன்றும் செய்யவில்லை. 'வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது' என்று செய்திகளில் அன்றாடம் படிக்கிறோம். எஸ்கலேஷன் என்ற கருத்து தமிழில் ஏற்கெனவே குடியிருக்கிறது, நாம்தான் கதவைத் தட்டவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் தெரிந்தே செய்ததா, தானாக நடந்ததா என்று காட்ட முன்னால் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. நமக்கு வினையே அதைச் சொல்லிவிடும்: மோதல் முற்றியது, மோதலை முற்றவைத்தார்கள். மேலே சொன்ன இந்திய அறிக்கையில் வந்தது 'முற்றவைக்காத' நடவடிக்கை. ரஷ்யாவின் அணுக் கொள்கை இதுதான் என்று மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் சொல்லும் அந்தக் குழப்பமான தொடரும் (எஸ்கலேட் டு டீஎஸ்கலேட்) 'தணிப்பதற்காக முற்றவைப்பது' என்று நேராக வந்துவிடுகிறது. டீஎஸ்கலேஷனுக்கும் அதே ஜோடி இருக்கிறது: தானாக அடங்கினால் தணிவு, ஆள் வைத்து அடக்கினால் தணிப்பு.

எஸ்கலேஷன் லேடர் என்ற கானின் சொந்தச் சரக்குக்கு மட்டும் 'முற்றல் ஏணி' என்று வைத்துக்கொள்ளலாம். அது அவருடைய ஏணி, அவருக்கே இருக்கட்டும்.

——

வணக்கம்.

> என் முன்மொழிவு: முற்றல்.

கேட்க நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

ஒன்று, முற்று என்றால் முடிவு. முற்றுப்புள்ளி, முற்றுப்பெற்றது. 'போர் முற்றியது' என்று தலைப்புப் போட்டால் போர் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். பக்கத்திலேயே முற்றுகை வேறு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு, இதுதான் பெரிய சிக்கல். எஸ்கலேஷன் மேல்நோக்கி மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் போகும். துப்பாக்கியிலிருந்து பீரங்கி, பீரங்கியிலிருந்து ஏவுகணை என்பது ஒரு வகை. ஆயுதம் அதேதான், ஆனால் புதிய நாடுகள் உள்ளே வருகின்றன என்பது இன்னொரு வகை. உலகப் போர் என்று நாம் பயப்படுவது இரண்டாவதைத்தானே? 1914 ஜூலை 28-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமேல் போர் அறிவித்தது. 30-ஆம் தேதி ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யாமேல், 3-இல் பிரான்ஸ்மேல், 4-இல் பெல்ஜியத்துக்காக பிரிட்டன் ஜெர்மனிமேல். ஒரே வாரம். இங்கே முற்றியது என்பதைவிடப் பரவியது என்பதே சரி. முற்றல் இதைத் தாங்குமா?

அப்புறம் ஒரு துணுக்கு: டென்ஷனுக்கு ஈழத்து ஏடுகள் 'முறுகல் நிலை' என்று எழுதுகின்றன. பதற்றத்தைவிட அது எவ்வளவோ மேல். உறவு முறுக்கேறி நிற்பது கண்ணில் தெரிகிறது.

——

நன்றி. முறுகல் என் கண்ணிலிருந்து எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். நாடுகளுக்கிடையே முறுகல், போர் மூளல், மோதல் முற்றல் என்று மூன்று கட்டங்களுக்கும் மூன்று சொற்கள் கிடைத்துவிடுகின்றன. நாளேடுகள் இந்த மூன்றையும் 'போர்ப் பதற்றம்' என்ற ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டுவதால்தான், எல்லையில் படை குவிப்பதும் ஏவுகணை பாய்வதும் வாசகருக்கு ஒரே செய்தியாகப் படுகின்றன.

முடிவு என்ற பொருள் பற்றி: 'நோய் முற்றிவிட்டது' என்று மருத்துவர் சொன்னால் குணமாகிவிட்டது என்று யாரும் இனிப்பு வாங்கப் போவதில்லை. ஆனாலும் 'போர் முற்றியது' என்ற தொடரில் மயக்கம் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆகவே கலைச்சொல்லை 'மோதல்முற்றல்' என்று சேர்த்தே பதிவோம். போர் என்ற சொல்லோடு ஒட்டவேண்டாம். எப்படியும் மே 2025-இல் நடந்ததை இரு தரப்பும் போர் என்று அறிவிக்கவில்லை. அணு ஆயுத நாடுகளிடையே இப்போதெல்லாம் நடப்பது பெரும்பாலும் இப்படி அறிவிக்கப்படாத மோதல்தான்.

பக்கவாட்டு வகைக்குப் பரவல் என்று எழுதத்தான் எனக்கும் கை போகிறது. ஆனால் அந்த இடம் நிரம்பிவிட்டது. 1968-இல் கையெழுத்தான உடன்படிக்கையை அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் என்றே எழுதி வருகிறோம். ஒரே கட்டுரையில் ஆயுதம் பரவுவதும் மோதல் பரவுவதும் வந்தால் வாசகர் தடுமாறுவார். 'படர்தல்' கையில் இருக்கிறதே. மோதல்படர்தல். 1914 படர்ந்தது, 1962 முற்றப் பார்த்தது. உக்ரைன் விஷயத்தில் 2022 முதல் நேட்டோ நாடுகளின் தலைநகரங்களில் நடக்கும் விவாதமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான்: எந்த ஆயுதத்தைக் கொடுத்தால் முற்றும், யார் இறங்கினால் படரும்.

தானாக முற்றியிருக்கக்கூடியதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஏவுகணை ஒன்று பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிமுனை இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. பாகிஸ்தான் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா, தொழில்நுட்பக் கோளாறு என்று வருத்தம் தெரிவித்தது. இதைப் 'படியேற்றம் நிகழவில்லை' என்று எழுதுவதைவிட 'முற்றவில்லை' என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம்.

——

> கலைச்சொல்லை 'மோதல்முற்றல்' என்று சேர்த்தே பதிவோம்.

படியேற்றத்தை முன்மொழிந்தவன் நான்தான். திரும்பப் பெறுகிறேன். கானுக்கு மட்டும் அவருடைய ஏணி இருக்கட்டும் என்றதால் எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சுகிறது.

ஆனால் பட்டியலில் அடுத்து நிற்கும் எஸ்கலேஷன் டாமினன்ஸை என்ன செய்வது? எந்தக் கட்டத்துக்குப் போனாலும் எதிராளியைவிடத் தன் பலமே கூடுதல், ஆகவே அவன்தான் பின்வாங்கவேண்டும் என்ற நிலை. 'முற்றல் ஆதிக்கம்' என்றால் ஆதிக்கம் முற்றிவிட்டது போல ஒலிக்கிறது. மேலாண்மை என்ற சொல்லை மேனேஜ்மென்ட் கொண்டுபோய்விட்டது. 'கை ஓங்குதல்' நம்மிடம் இருக்கும் வழக்குதான் என்பதால் 'முற்றலில் கையோங்கல்' என்று ஒரு வரைவு வைக்கிறேன். நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்குங்கள்.