கரிசல் மண்ணில் ஒர்க்‌ஷாப்பும் வீடும் ஒட்டிக் கட்டுவது: அஸ்திவாரம், லிஃப்ட், புகை

கள்ளிக்குடி ஸ்பேனர்:
வணக்கம். திருமங்கலம் – கள்ளிக்குடி பக்கம் 60க்கு 60 அடி மனை, எட்டேகால் சென்ட் வரும். மேற்கே ரோடு. மண் சுத்தக் கரிசல். சித்திரையில் வெடிப்புக்குள் விரல் போகும். ரெண்டு கார் நிற்கிற மாதிரி 30க்கு 22 அடியில் ஒர்க்‌ஷாப், அதை ஒட்டியே ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, பாத்ரூம். ஒர்க்‌ஷாப்புக்கு ஷீட், வீட்டுக்கு கான்கிரீட் தளம். நாலடி தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும் என்கிறார் கொத்தனார். சரிவருமா? வண்டியை ரெண்டு தூணுக்கு நடுவே தூக்குகிற டூ போஸ்ட் லிஃப்ட் நல்லதா, அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளம் நல்லதா? கரண்ட் ஒரே சர்வீஸில் ஓட்டலாமா? எதை எந்த மூலையில் வைத்தால் புகையும் சத்தமும் வீட்டுக்குள் வராது?

ரசமட்டம்:
நாலடிக் கருங்கல் இந்த மண்ணில் வேலைக்கு ஆகாது. கரிசல் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். மழை பெய்தால் கட்டடத்தின் ஓரத்து மண்தான் முதலில் நனையும், நடு மண் காய்ந்தே கிடக்கும். ஓரச் சுவர் மேலே போக, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு கிளம்பும். இன்னொன்று: எடை குறைவான பக்கத்தைத்தான் மண் சுலபமாகத் தூக்கும். "ஷெட்டுதானே, அஸ்திவாரம் கம்மியாப் போதும்" என்று ஒர்க்‌ஷாப் பக்கம் குறைத்து, வீட்டுப் பக்கம் மட்டும் பலமாகப் போட்டால், ரெண்டும் சேர்கிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை பிளக்கும். ரெண்டுக்கும் ஒரே வகை அஸ்திவாரம் போடுங்கள்.

முதலில் ரெண்டு இடத்தில் துளை போட்டு மண் பரிசோதனை. ஆறேழு அடியில் சுக்கானோ (சுண்ணாம்புக் கல் மண்) பாறையோ கெட்டியாக வந்துவிட்டால் அதன் மேல் சாதாரண ஃபூட்டிங்கே போதும், காசு மிச்சம். வராமல், ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ் (தண்ணீரில் மண் எவ்வளவு ஊதும் என்ற அளவு) 50 சதவீதத்தைத் தாண்டினால் அண்டர் ரீம் பைல்தான், அதாவது அடியில் குமிழ் விட்ட கான்கிரீட் கால். 12 இன்ச் தண்டு, அடியில் 30 இன்ச் குமிழ், குறைந்தது பதினொன்றரை அடி ஆழம். எத்தனை பைல், எவ்வளவு கம்பி என்பதை டிசைன் செய்கிற இன்ஜினியர் சொல்லட்டும். பைல் தலைகளைச் சேர்த்து கிரேடு பீம், சுவர் அதன் மேல்தான் நிற்கும்.

வேலை கெடுவது பெரும்பாலும் அந்த பீமில்தான். பீமுக்கு அடியில் 3 முதல் 4 இன்ச் காலியாக இருக்க வேண்டும். மண்ணையே மட்டம் தட்டி அதன் மேல் வார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். மண் ஊதியதும் நேரே பீமைத் தள்ளும், பைலுக்குச் செலவழித்தது வீண். பீம் இறுகிய பிறகு அடி மண்ணை வழித்து எடுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் செங்கல்லை நிறுத்தி மறுபடி மண் சரியாமல் தடுங்கள். கட்டடத்தைச் சுற்றி நாலடி அகலத்துக்கு வெளிவாட்டமாகக் கான்கிரீட் போட்டால் மழைத் தண்ணீர் சுவரோரம் இறங்காது. நிழலுக்கு ஆசைப்பட்டு வேம்பையும் புங்கனையும் சுவரோரம் வைக்காதீர்கள். வேர் ஈரத்தை உறிஞ்சி அந்த மூலையை மட்டும் இறக்கிவிடும்.

தரைக்கு: மேல் கரிசலை ரெண்டடி வழித்துவிட்டு கிராவல். 30 × 22 × 2 அடி என்றால் 1320 கன அடி. இறுகிக் குறையும் என்பதால் 16, 17 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கேளுங்கள். 6 இன்ச் அடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ஓட்டினால் ஒரே மழையில் அமுங்கும். அதன் மேல் பாலித்தீன் விரித்து 6 இன்ச் கான்கிரீட், எம்25 தரம். 330 கன அடி, அதாவது 9.3 கன மீட்டர். ரெடிமிக்ஸ் என்றால் ரெண்டு வண்டி. 8 மி.மீ. கம்பி ரெண்டு பக்கமும் 8 இன்ச் இடைவெளி, ஒட்டுக்கும் சேர்த்து சுமார் 260 கிலோ. தூணைச் சுற்றி அரை இன்ச் தெர்மாகோல். மறுநாளுக்குள் 15க்கு 11 அடிக் கட்டங்களாக, 2 இன்ச் ஆழத்துக்கு மெஷினால் அறுத்துவிடுங்கள். அறுப்பு வரும் கோட்டில் கம்பியை ஒன்றுவிட்டு ஒன்று முன்கூட்டியே துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் தரை தனக்கு இஷ்டமான இடத்தில் வெடிக்கும்.

கிரீஸ் கை:
தம்பி, பள்ளம் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் பள்ளத்துக்குள்ளதான் உட்காரும். ஃப்யூல் லைனைக் கழற்றுற நேரத்துல கீழ ஒரு பல்பு உடைஞ்சாப் போதும். போதாக்குறைக்குக் கரிசல் பக்கவாட்டுல நெருக்கும், செங்கல் சுவர் உள்ளே பிதுங்கிடும். மழைக்கு ஊத்து வேற எடுக்கும். பள்ளம்தான் வேணும்னா 6 இன்ச் கான்கிரீட் சுவர், 32 இன்ச் அகலம், 5 அடி ஆழம், 24 வோல்ட் விளக்கு, அடிமட்டத்துல இருந்து காத்தை இழுக்க ஒரு பைப். கூட்டிப் பார்த்தா செலவு ஒண்ணும் அவ்வளவு குறையாது.

லிஃப்ட் 4 டன் எடுங்க. லிஃப்ட் பக்கத்துக்கு 16 அடி, இன்னொரு வண்டிக்கு 14 அடின்னு 30 அடியைப் பிரிங்க. ஷீட்டோட தாழ்வான பக்கமே 14 அடி உயரம் இருக்கணும். லிஃப்ட் ஆறடி தூக்கும், எஸ்யூவி ஆறடி உயரம் இருக்கும், ரெண்டையும் கூட்டிக்குங்க. போஸ்ட் நிக்கிற ரெண்டு இடத்துலயும் 4க்கு 4 அடி, 12 இன்ச் கனத்துக்குக் கான்கிரீட். அங்க மட்டும் வாட்டம் வேண்டாம், மத்த தரைக்கு ஷட்டர் பக்கமா நூத்துக்கு ஒண்ணு. அறுப்புக் கோடு போல்ட்டுல இருந்து ஓரடியாவது தள்ளி இருக்கணும். அடியில தண்ணி பைப், வயர் பைப் எதுவும் போகக்கூடாது. டிரில் பண்றவனுக்கு அது தெரியாது. கான்கிரீட் 28 நாள் ஆகாம போல்ட் அடிச்சா இன்னைக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும், லோடு ஏறுனதும் கழண்டு வரும். விக்கிறவங்க சீக்கிரம் மாட்டிட்டுக் காசு வாங்கப் பார்ப்பாங்க, விடாதீங்க.

ஷட்டர் 10 அடி அகலம், 11 அடி உயரம், கியர் வச்சது. மேற்கு பார்த்த ஷட்டர், சாயங்கால வெயில் உள்ள வரும். அஞ்சடி நீட்டி ஷீட் இறக்குங்க.

தூக்குகுண்டு:
மூலை விஷயம். நம்ம பக்கம் ஆனி, ஆடியில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. ஆக, புகை தென்மேற்கு – வடகிழக்குக் கோட்டில்தான் போய்வரும். அந்தக் கோட்டை விட்டு விலகிய மூலைகள் தென்கிழக்கும் வடமேற்கும். உங்களுக்கு மேற்கே ரோடு என்பதால் ஒர்க்‌ஷாப் முன்னால் வடமேற்கில், வீடு பத்தடி பின்தள்ளித் தென்கிழக்கில். இப்படித் தள்ளினால் பொதுச் சுவரின் நீளமும் குறையும். சமையலறை அக்னி மூலையில் வருவதால் வாஸ்து பார்க்கிறவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பொதுச் சுவர் 9 இன்ச், ரெண்டு பக்கமும் பூச்சு, ஜன்னல் கிடையாது. ஷீட்டைத் தொடுகிற வரை ஏற்றிக் கட்டி, ஷீட்டின் வளைவில் இருக்கும் சந்துகளையும் கலவையால் அடையுங்கள். புகை வீட்டுக்கு வருவது அநேகமாக அந்தச் சந்து வழியாகத்தான். நடுக் கதவு ஹாலில் திறக்கலாம், பெட்ரூமில் கூடாது; என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியாது. இரும்புக் கதவு, தானே மூடுகிற குளோசர். வீட்டுத் தரை ஒர்க்‌ஷாப் தரையைவிட 6 இன்ச் உயரம். தரையோடு வரும் பெட்ரோல் ஆவி படியில் நிற்கும். ஒர்க்‌ஷாப் வெளிச்சுவரில் கீழேயும் ஜாலி (காற்றோட்டத் துளைக் கல்) வேண்டும், மேலேயும் வேண்டும்: பெட்ரோல் ஆவிக்குக் கீழே, பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனுக்கு மேலே. பெயிண்ட் அடிக்கிற வேலையை இந்தக் கட்டடத்துக்குள் வைக்கவே வேண்டாம்.

ஷீட்டின் வாட்டம் வீட்டைப் பார்த்து வரக்கூடாது. பொதுச் சுவரோரம் மழைத் தண்ணீர் ஓட ஒரு தகரக் கால்வாய் (கட்டர்) வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இலை அடைத்தால் தண்ணீர் ஹால் சுவரில்தான் இறங்கும்.

பிளான்: 2024இல் வந்த சுயசான்று அனுமதி 2500 சதுர அடிக்குள்ளான மனையில் கட்டும் வீட்டுக்கு மட்டும். உங்கள் மனையும் பெரிது, கடையும் சேர்கிறது, ஆகவே முறையான அனுமதிதான் வாங்க வேண்டும். வரைபடத்தில் வீடு, ஒர்க்‌ஷாப் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்; சொத்து வரி, மின் இணைப்பு ரெண்டுக்கும் அது உதவும்.

கள்ளிக்குடி ஸ்பேனர்:
ரொம்ப நன்றி அண்ணே. கம்ப்ரஸரைப் பொதுச் சுவரோரம் வைத்தால் பைப் நீளம் குறையும் என்று நினைத்தேன். கரண்ட் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஃபேஸ்மாத்தி:
கம்ப்ரஸரை எதிர்ச் சுவருக்கு, முடிந்தால் வெளியே தனி மேடைக்குக் கொண்டுபோங்கள். மேடைக்கும் தரைக்கும் நடுவில் அரை இன்ச் தெர்மாகோல், காலுக்கு ரப்பர். பொதுச் சுவரோரம் வைத்தால் கட்டில் வரை அதிரும். காற்று லைனை டேங்கை விட்டு விலகப் போகப் போகத் தாழ்வாகப் போட்டு, ஒவ்வொரு கிளையையும் மேல்பக்கமாக எடுத்து வளைத்து இறக்குங்கள். கடைசியில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு. அடிப்பக்கமாக எடுத்தால் இம்பாக்ட் கன்னுக்குள் தண்ணீர் போகும்.

சர்வீஸ் ரெண்டு வேண்டும். வீட்டு இணைப்பில் ஒர்க்‌ஷாப் ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். லிஃப்ட், கம்ப்ரஸர், வாட்டர் வாஷ் தலா 3 எச்.பி., வெல்டிங், விளக்கு எல்லாம் சேர்த்து 12 கிலோவாட் பக்கம் வரும், த்ரீ ஃபேஸ். ரெண்டு சர்வீஸின் நியூட்ரலையும் எங்கேயும் கலக்க விடாதீர்கள். வாட்டர் வாஷுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஒர்க்‌ஷாப்பின் மெயின் சுவிட்ச் உள்ளே போகாமலே அணைக்கிற மாதிரி வெளியில் இருக்கட்டும்.

கிரீஸ் கை:
வாஷ் தண்ணியை விட்டுட்டீங்க. செப்டிக் டேங்க்கோட சேர்க்கவே கூடாது, ஆயிலும் ஷாம்பூவும் போனா உள்ள இருக்கிற பாக்டீரியா செத்து, டேங்க் சீக்கிரம் நிறையும். மூணு அறைத் தொட்டி கட்டுங்க, ஒவ்வொண்ணும் ரெண்டரைக்கு ரெண்டரை அடி, நாலடி ஆழம். ஒரு அறையிலிருந்து அடுத்ததுக்குப் போற பைப்போட வாய் தண்ணி மட்டத்துக்கு ரெண்டடி கீழ கவிழ்ந்து இருக்கணும். ஆயில் மேலயே மிதந்து நிக்கும், தண்ணி மட்டும் தாண்டும். முதல் அறையில சேறு சேரும், மழைக்கு முன்னாடி அள்ளிடுங்க. மேல நிக்கிற ஆயிலையும் வண்டியில இறக்குன பழைய ஆயிலையும் டிரம்முல சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரங்ககிட்ட மட்டும் கொடுத்து ரசீது வாங்கி வைங்க.