வெய்புல் போதாதா, ஐந்து அளவுரு எதற்கு?

பம்ப்பாண்டி: கருவிகள் எவ்வளவு நேரம் ஓடிப் பழுதாகின்றன என்ற ஆயுள் தரவுக்கு 'புதிய நெகிழ்வான பரவல்' (எந்த நேரத்தில் பழுதாக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம்) என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எடுத்துக்காட்டு கேட்டால், பலரும் ஓடுவது ஆய்வாளர் ஆர்செட் 1987-இல் கொடுத்த அதே 50 கருவிகளின் பழுது நேரப் பட்டியலுக்கு. 50 புள்ளிக்கு 5 அளவுரு (தரவுக்கு ஏற்ப நாம் திருகும் எண்) போட்டால் வளைவு எங்கே வேண்டுமானாலும் வளையும். ஆயுள் கணக்கின் பழைய பரவலான வெய்புலின் இரண்டு அளவுருவை வைத்து, வரைதாளில் கோடு போட்டே பேரிங் ஆயுள் சொன்னவர்கள் நாங்கள்.

தரவுக்கிறுக்கன்: பாண்டி அண்ணே, அந்தப் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். 7 கருவிகள் நேரம் 1 தாண்டுவதற்குள் போய்விட்டன. கடைசி 13 கருவிகள் 82-க்கும் 86-க்கும் நடுவில் கொத்தாகப் போயிருக்கின்றன. பழுது வீதம் (அதுவரை தாங்கிய கருவி அடுத்த கணத்தில் பழுதாகும் வேகம்) முதலில் இறங்கி, கடைசியில் ஏறுகிறது, தொட்டி வடிவம். வெய்புலில் வடிவ அளவுரு 1-க்குக் கீழ் என்றால் வீதம் இறங்கும், மேல் என்றால் ஏறும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

5 வேண்டாம், ஒன்று கூட்டினால் போதும். முதோல்கரும் ஸ்ரீவஸ்தவாவும் 1993-இல் வெய்புலின் பரவல் சார்பை (ஒரு நேரத்துக்குள் பழுதாகும் நிகழ்தகவை) தீட்டா என்ற புதிய அளவுருவின் அடுக்குக்கு உயர்த்தினார்கள். வடிவ அளவுரு ஆல்ஃபா 1-க்கு மேலும், ஆல்ஃபா பெருக்கல் தீட்டா 1-க்குக் கீழும் இருந்தால் தொட்டி கிடைக்கும். தீட்டா 1 என்றால் உங்கள் பழைய வெய்புலே. ஆக, அந்த மூன்றாவது அளவுரு தேவையா என்று சோதித்தே பார்க்கலாம்.

பம்ப்பாண்டி: சரி, தொட்டி இருக்கிறது. ஆனால் தீட்டா என்று பட்டறையில் எதைக் காட்டுவீர்கள்? சீலைத் தப்பாக மாட்டியதால் முதல் நாளே போவது ஒன்று, பேரிங் தேய்ந்து போவது இன்னொன்று. ஆளுக்கொரு வெய்புல் போட்டு, இரண்டு பழுது வீதத்தையும் கூட்டுங்கள். தொட்டி தானாக வரும். முதலாவதை வைத்து எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்புவது என்று முடிவு செய்யலாம், இரண்டாவதை வைத்து எப்போது மாற்றுவது என்று.

தரவுக்கிறுக்கன்: அதில் 4 அளவுரு இருக்கிறதே அண்ணே! 5-ஐத் திட்டிவிட்டு 4-இல் வந்து நிற்கிறீர்கள். அதோடு, பட்டியலில் பழுதுக்கான காரணமே இல்லை. எது சீல், எது பேரிங் என்பது உங்கள் ஊகம்தானே?

பம்ப்பாண்டி: ஊகம்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் பம்பைத் திறந்தே பார்க்காமல் 'பழுது' என்று ஒரு சொல் எழுதி மூடிவிடுவார்கள். அப்புறம் எந்தப் பரவலைப் பொருத்தி என்ன?

ஓரமாய்ஒருவன்: குறுக்கே வருகிறேன். சரியாக 18-இல் 5 கருவி, 85-இல் 5 கருவி. அவை அந்த நேரத்தில்தான் பழுதாயினவா, அல்லது அன்றைக்குத்தான் யாராவது போய்ப் பார்த்தார்களா?

தரவுக்கிறுக்கன்: அட! போய்ப் பார்த்த நாள் என்றால் அடர்த்திச் சார்பை (சரியாக அந்தக் கணத்தில் பழுதானதாகக் கொள்ளும் சூத்திரத்தை) வைத்துக் கணக்குப் போடுவதே தப்பு. இரண்டு சோதனைகளுக்கு நடுவில் பழுதாகும் நிகழ்தகவை எழுத வேண்டும். ஏஐசி (பொருத்தத்தையும் அளவுரு எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் மதிப்பெண்) ஒப்பீடும் மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாதிரிகளையும் அப்படி ஓட்டிப் பார்க்கிறேன்.

பம்ப்பாண்டி: ஓட்டுங்கள். ஆனால் 18-க்கு முந்தைய சோதனை எப்போது நடந்தது என்று எழுதுவீர்கள் தம்பி?