கேட்காமல் எடுத்த முகம்: 1916ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் பற்றி

மாசிவீதியான்:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1916இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ஸ்டிராண்ட் நியூயார்க் தெருவில் எடுத்தது. கற்சுவரோரம் ஒரு பெண், தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி. கழுத்தில் ‘குருடு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை. அதற்கு மேலே தெருவியாபார உரிம வில்லை, எண் 2622. ஒரு கண் மூடியிருக்கிறது, மற்றது ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கேமராவோடு அலையும் நமக்கெல்லாம் இதுதான் பாடம்.

தெற்குவாசல் செல்வி:
என்ன பாடம் அண்ணா? ஒரு பக்கம் பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் படமெடுக்கும்படி கேமராவில் லென்ஸ் பொருத்தியிருந்தார் அவர். அந்த அம்மாவுக்கோ பார்வையே இல்லை. பிறகு யார் கண்ணுக்கு மறைத்தார்? வேடிக்கை பார்த்தவர்கள் கண்ணுக்கு. அது தவறு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. வில்லை எண் நமக்குத் தெரிகிறது, தலைப்பிலோ அந்த அம்மாவின் பெயர் இல்லை.

மாசிவீதியான்:
கேட்டிருந்தால் அந்த முகம் கிடைத்திருக்காது, தங்கச்சி. குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைனிடம் படித்தவர் ஸ்டிராண்ட். ஏழையின் முகத்தை அழகுபடுத்தாமல், இரக்கம் பூசாமல், ராஜா முகத்துக்குரிய கவனத்தோடு எடுத்திருக்கிறார். 1917இல் ‘கேமரா ஒர்க்’ என்ற புகைப்படப் பத்திரிகையின் கடைசி இதழில் இந்தப் படம் வந்தது. நூறு வருடம் கழித்தும் நாம் அந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறோமே, அதற்கு மதிப்பில்லையா?

தெற்குவாசல் செல்வி:
கேட்டால் முகம் மாறும் என்கிறீர்கள். மாறட்டுமே, அது அவர் முகம். என் அப்பத்தா கோயில் பக்கம் பூ விற்றவர். குனிந்து முழம் போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்த படம் ஒரு கண்காட்சியில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். நேரில் போய்ப் பார்த்துவிட்டு அப்பத்தா சொன்னது ஒன்றுதான்: “தலைகூட வாரலையே தாயி.” அந்த வாரம் முழுக்க அந்த இடத்தில் கடை போடவில்லை.

பழைய ஸ்டுடியோ:
முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவன் சொல்கிறேன், தம்பி. கேட்டதும் ஆள் விறைப்பாகத்தான் நிற்பார். கேமராவை இறக்கிவிட்டுப் பூ என்ன விலை என்று பேச்சுக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் தோள் இறங்கும். பொறுமை இல்லாதவர்தான் திருட்டுத்தனமாக எடுப்பார். ஆனால் செல்வி, ஸ்டிராண்டின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

தெற்குவாசல் செல்வி:
இறக்கச் சொல்லவில்லை ஐயா. எப்படி எடுத்தார் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள் என்கிறேன்.

மாசிவீதியான்:
எழுதி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. கேட்காமல் எடுத்ததே குற்றம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. அப்பத்தா படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

தெற்குவாசல் செல்வி:
இல்லை அண்ணா. அப்பத்தாவை எடுத்த படம் அது ஒன்றுதான். எங்களிடம் ஒரு பிரதிகூட இல்லை.