தவளைப் பொம்மை நடிச்ச கிறிஸ்துமஸ் படம்: பொடிசுகளுக்கு எந்தப் பிரதியைப் போடுறதுங்க?

சென்னிமலை வாசி (கேள்வி)

வணக்கமுங்க. அரையாண்டு லீவுக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வருது. 4 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் 12 குழந்தைங்க, கூடவே அப்புச்சி, அமுச்சி. ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்' போடலாம்னு இருக்குறோம். பார்த்தவங்க சொல்லுங்க: படம் எப்படி? ஒரு பாட்டு இருக்குற பிரதி, இல்லாத பிரதின்னு ரெண்டு இருக்குதாமே, எதைப் போடலாம்? பேய் வர்ற கதைங்கறாங்க, 4 வயசுக் குழந்தை பயந்துக்குமா? இங்கிலீஷ் தெரியாத பெரியவங்களுக்குப் புரியுமா?

நொய்யல்கரை

தாராளமாப் போடுங்க. பொம்மைப் படங்களில் இதற்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பொம்மைகள் நடித்து வந்த முதல் திரைப்படம் இது. 1992 டிசம்பரில் வெளியானது, இயக்கியவர் அவர் மகன் பிரையன் ஹென்சன். கதை சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய குறுநாவல்.

படம் நிற்பது மைக்கேல் கெய்ன் மேல்தான். ஸ்க்ரூஜ் என்கிற கஞ்சனாக வருகிறார். எதிரில் நிற்பது துணியும் ஸ்பாஞ்சும் சேர்ந்த தவளை என்ற நினைப்பே அவர் முகத்தில் வராது. ஒரு இடத்திலும் கண்சிமிட்டுவதோ, நம்மைப் பார்த்துச் சிரிப்பதோ கிடையாது. பெரிய நாடக மேடையில் நிற்பது போலவே கடைசி வரை நடிக்கிறார். மனிதர் நம்பினால்தான் பொம்மைக்கு உயிர் வரும். பொம்மைகளோடு மனிதர்கள் நடித்த பல படங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

பெரியவங்களைப் பற்றிக் கேட்டீங்க. நம்ம ஊர் கூத்து பார்த்தவங்களுக்கு இந்தப் படத்தின் கட்டு அந்நியமே இல்லை. கான்ஸோ என்கிற நீல மூக்கன்தான் டிக்கன்ஸாக வந்து கதை சொல்கிறான். கூடவே ரிஸ்ஸோ என்ற எலி குறுக்கே கேள்வி கேட்டு, விழுந்து எழுந்து சிரிப்பு மூட்டுகிறது. கட்டியங்காரனும் கோமாளியும் செய்கிற வேலை இது. தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து பேசுவதை நினைத்துக்கொள்ளுங்க. படம் தொடங்கும் முன் 5 நிமிஷம் கதையைச் சொல்லிவிடுங்க: வட்டிக்கு விடும் கஞ்சன், அவனிடம் குறைந்த சம்பளத்துக்குக் கணக்கெழுதும் பாப் கிராச்சிட் (கெர்மிட் தவளை), அவனுடைய நோஞ்சான் பிள்ளை டைனி டிம். இறந்துபோன தொழில் கூட்டாளிகளான மார்லிகள் வந்து எச்சரிப்பார்கள், பிறகு நேற்று, இன்று, நாளை என்று மூன்று ஆவிகள். இந்தப் படத்தில் ஸ்க்ரூஜ் பண்டிகைக்கு முதல் நாள் கடன் வாங்கியவர்களை வீட்டை விட்டுக் கிளப்ப நோட்டீஸ் எழுதச் சொல்கிறான். கந்துவட்டி என்றால் என்னவென்று தெரிந்த நம்ம பக்கத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிரதி: பாட்டு இருப்பதையே போடுங்க. இளவயது ஸ்க்ரூஜை விட்டுப் பிரியும் பெல் என்ற பெண் பாடும் பாட்டு அது. சின்னக் குழந்தைகள் பொறுக்க மாட்டார்கள் என்று தியேட்டர் பிரதியில் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் தையல் பிரிந்து நிற்கிறது. பெல் போகிறாள், அடுத்த ஷாட்டிலேயே ரிஸ்ஸோ தேம்பி அழுகிறது. எதற்கு இவ்வளவு அழுகை என்றே புரியாது. கடைசியில் எல்லோரும் பாடுவது அதே மெட்டின் மறுபதில். பிரிவுப் பாட்டைக் கேட்காதவர்களுக்கு அந்த மறுபதில் வெறும் முடிவுப் பாட்டாகத்தான் கேட்கும்.

நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பாட்டு இல்லாதது சுமார் 86 நிமிஷம், இருப்பது 89. டிஸ்னி பிளஸ்ஸில் முழுப் பிரதி 2022 டிசம்பரில் வந்தது, ஆனால் படத்தை அழுத்தினதும் ஓடுவது குறைந்ததுதான். கூடுதல் காட்சிகள் பகுதிக்குள் போய்த் தேட வேண்டும். பழைய டிவிடி வாங்கினால் இன்னொரு சிக்கல்: பாட்டோடு இருக்கும் பிரதி சிலவற்றில் பழைய டிவி அளவுக்கு இரண்டு பக்கமும் நறுக்கப்பட்டிருக்கும். இந்தப் படத்தில் சந்துக்குச் சந்து, ஜன்னலுக்கு ஜன்னல் பொம்மைகள். ஓரத்தை நறுக்கினால் பாதி கூட்டம் போய்விடும்.

ஆனைமலைக் காத்து

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். 4, 5 வயசு இருக்கும் கூட்டத்துக்குப் பாட்டில்லாத பிரதியே போதும். அந்தப் பாட்டு நல்ல பாட்டுதான், மெதுவாகப் போகும், பொம்மைகளை விட்டுவிட்டு மனிதர்களே பெரும்பாலும் நிற்பார்கள். படத்தின் பாதிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. அங்கே பொடிசுகள் ஒருமுறை எழுந்தால் திரும்ப உட்கார வைப்பது பெரும்பாடு. பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் முழுசாகக் காட்டுங்க.

பயத்தைப் பற்றி: முதலில் வரும் இரண்டு மார்லிகள் சங்கிலியோடு வந்தாலும் பாட்டும் கிண்டலுமாகப் போய்விடும். நாவலில் மார்லி ஒருவர்தான். ஓயாமல் குறை சொல்லும் ஸ்டாட்லர், வால்டார்ஃப் கிழவர்கள் இருவருக்கும் இடம் வேண்டுமென்று இங்கே இரண்டாக்கினார்கள். நேற்றைய ஆவி மிதந்து வரும் குழந்தை. அந்தப் பொம்மையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் படமெடுத்ததால்தான் துணியும் முடியும் அப்படி அலைகின்றன. சில குழந்தைகளுக்கு அந்த முகம் ஒரு மாதிரி இருக்கும், அழுகை வராது. இன்றைய ஆவி தாடி வைத்த பெரிய மனுஷன், எல்லாருக்கும் பிடிக்கும்.

பார்க்க வேண்டியது மூன்றாவது. முகமே இல்லாத கறுப்பு அங்கி, பேச்சும் கிடையாது. அந்த இடத்தில் கான்ஸோவும் ரிஸ்ஸோவுமே பயந்து, கடைசியில் வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவரை சிரிக்க வைத்துக் கூட வந்த துணை போய்விடுவதால்தான் குழந்தைக்குப் பயம் கூடுகிறது. அவர்கள் கிளம்பும்போதே பொடிசுகளை மடியில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்க. அடுத்து கிராச்சிட் வீட்டில் டைனி டிம் இல்லாத காட்சி வரும். அதை ஓட்டி விடாதீங்க. பாதியில் வெட்டினால் பையன் செத்துப் போனான் என்பது மட்டும் மனதில் தங்கும், அவன் பிழைக்கும் முடிவு ஒட்டாது.

சென்னிமலை வாசி

ரொம்ப நன்றிங்க. சின்னதுங்க இருக்குறதால முதல்ல குறைஞ்ச பிரதி, பெருசுங்களுக்கு மறுநாள் முழுசுன்னு வெச்சுக்கறோம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கோணும். மாடியில காத்து அடிக்கும். என்ன பார்த்து எடுக்கறது?

காங்கேயம் காளை

படத்தில் மூன்றாவது ஆவி வரும் பகுதி பெரும்பாலும் இருட்டும் பனியும் கல்லறையும். வெளிச்சம் குறைந்த புரொஜெக்டரில் கறுப்பு அங்கி ஆவி பின்னணியோடு கலந்து சாம்பல் கூழாகிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய லூமன் (வெளிச்ச அளவு) எண்ணை நம்பாதீங்க. ஆன்ஸி லூமன் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்க, 8 அடி அகலப் படத்துக்கு 2500க்குக் கீழே வேண்டாம். டிசம்பரில் நம்ம பக்கம் 6 மணி சுமாருக்குச் சூரியன் விழும். 6.45க்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு முடியும், பனி இறங்குவதற்குள் மெஷினை உள்ளே எடுத்துவிடலாம்.

தூரம்: த்ரோ விகிதம் (திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 8 அடி அகலத்துக்கு 12 அடி தள்ளி வைக்கணும். திரைக்கு வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் பின்பக்கம் கசியும், இரண்டு மடிப்பாகப் போடுங்க. பின்னால் கறுப்புத் துணி கட்டினால் இன்னும் நல்லது. காடாத் துணி வேண்டாம், வெளுக்காத மஞ்சள் நிறம் பனிக்காட்சியைக் கெடுக்கும். காற்றுக்கு, மேலே மட்டும் கட்டினால் பாய்மரம் ஆகிவிடும். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து அதற்குள் பிவிசி பைப் நுழைத்து, இரண்டு முனையையும் கீழே இழுத்துக் கட்டுங்க. மாடிச் சுவரே வெள்ளையடித்து மட்டமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

முக்கியமானது சத்தம். புளூடூத் ஸ்பீக்கரில் போடாதீங்க, ஒயர் போடுங்க. புளூடூத்தில் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு பிந்தும். மனித முகத்தில் கொஞ்சம் பிந்தினாலும் நாம் பொறுத்துக்கொள்வோம். இந்தப் பொம்மைகளின் வாய் அசைக்கு அசை திறந்து மூடும்படி ஆட்டப்பட்டது. அது தப்பினால் தவளை பேசுவதாகவே தோன்றாது, யாரோ பின்னால் பேசுவதாகத் தோன்றும்.

பின்னலாடைப் பேட்டை

படம் முடிந்ததும் குழந்தைகள் பொம்மை கேட்பார்கள். மறுநாள் காலைக்குப் பொருளைத் தயாராக வையுங்க. திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்பீஸ் எடை போட்டுக் கிடைக்கும், அதில் தடிமனான ஃபிலீஸ் அல்லது இன்டர்லாக் பார்த்து எடுங்க. மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் பசை ஊறிக் கெட்டியாகி, வாய் ஓரம் வெடிக்கும். ஃபிலீஸ் கிடைக்காவிட்டால் பழைய காலுறை.

ஒரு பொம்மைக்கு: 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் முட்டை வடிவ அட்டை ஒன்று, நடுவில் மடிப்பு. மடிப்பின் மேல் துணி நாடா ஒட்டுங்க, இல்லாவிட்டால் 50 தடவை திறந்து மூடுவதற்குள் அட்டை கிழிந்துவிடும். உள்பக்கம் சிவப்புத் துணி. தலைக்குள் 1 செ.மீ. ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் முகம் தொங்கிப் போகும். கண்ணுக்கு பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டுங்க. கெர்மிட்டின் முதல் பொம்மையே 1955இல் ஹென்சனின் அம்மாவுடைய பழைய கோட்டுத் துணியிலும் பிங்பாங் பந்துப் பாதிகளிலும் செய்ததுதான். பந்தை வெட்டுவது பெரியவங்க வேலை. கருவிழியை நடுவில் வைத்தால் பார்வை எங்கோ போகும். இரண்டையும் மூக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒட்டினால்தான் எதிரில் இருப்பவரைப் பார்ப்பது போல வரும். கடைசியாக ஒட்டுங்க, முதலில் குண்டூசி குத்தி 6 அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு.

ஆட்டும்போது எல்லாரும் செய்யும் தப்பு, நான்கு விரலையும் மேலே தூக்குவது. மண்டை பின்னால் சாய்ந்து கண் வானத்தைப் பார்க்கும். விரல்களை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் கீழே இறக்கணும். ஒவ்வொரு அசைக்கும் ஒரு திறப்பு: 'வா-ங்க' என்றால் இரண்டு. வலது கை தலைக்குள் இருக்கும், இடது கை பொம்மையின் கையில் கட்டிய கம்பியைப் பிடிக்கும். மப்பெட்டுகளில் பலவும் இடதுகைக்காரர்களாக இருப்பது இதனால்தான். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும், முனையை வளைத்து டேப் சுற்றிக் கொடுங்க.

மேடைக்குக் கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து நிறுத்தி, மேலே பவானி ஜமுக்காளம் போட்டால் ஆட்டுபவர் மறைந்துவிடுவார். அதன் மேல் விளிம்பு குழந்தையின் தலையை விட 10 செ.மீ. உயரம் இருக்கட்டும். குறைந்தால் குனிந்தே ஆட்டுவார்கள், ஐந்து நிமிஷத்தில் முதுகு வலிக்கும். ஏறினால் கை சோர்ந்து பொம்மை கொஞ்சம் கொஞ்சமாக ஜமுக்காளத்துக்குள் இறங்கிவிடும்.